நாற்பது பேருக்குக் காலைச் சாப்பாடு: முதல் நாளே சுட்டு வைக்கும் சீனிச்சம்பல் பணிஸ்



லயத்துக் கான்களைச் சுத்தம் செய்ய, தண்ணீர்த் தாங்கியைக் கழுவ, பிள்ளை மடுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானம் வைக்கிறோம். ஆண்கள் காலை 7 மணிக்கு மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். அந்த நேரத்துக்கு ரொட்டியும் சம்பலும் தயாராக இருக்கும். அது எப்படித் தயாரானது என்று கேட்பவர் குறைவு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பேர் வேலைக்கு வருகிறார்கள். ஆளுக்கு 3 ரொட்டி என்றால் 120 ரொட்டி. ஒரு ரொட்டி இரண்டு பக்கமும் வேக 2 நிமிஷமாவது ஆகும். ஒரே கல் என்றால் 4 மணித்தியாலம், இரண்டு கல் வைத்தால் 2 மணித்தியாலம். இது சுடுகிற நேரம் மட்டும்தான். தேங்காய் துருவ வேண்டும், மாவு பிசைய வேண்டும், தட்ட வேண்டும், சம்பல் அரைக்க வேண்டும், தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்க வேண்டும். ஆக, நாலைந்து பெண்கள் அதிகாலை 3 மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டினால்தான் 7 மணிக்கு முடியும். 6 நாள் மலையில் கொழுந்து எடுத்தவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் இப்படித் தொடங்குகிறது. எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு சட்டியில் கிடப்பதைத் தின்றுவிட்டு அவர்களும் கூடையைத் தூக்கி மண் சுமக்கப் போவார்கள். சில பேர் வெறும் சாயத் தண்ணியோடேயே போய்விடுவார்கள்.

ரொட்டியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ரொட்டி நம்முடைய சாப்பாடு. ஆனால் அது சூட்டோடு சாப்பிட வேண்டிய பண்டம். ஈஸ்ட் போடாத மாவு என்பதால் ராத்திரி சுட்டு வைத்தால் காலையில் பலகை மாதிரி ஆகிவிடும். கூட்டத்துக்கு முதல் நாளே செய்து வைக்க வேண்டுமென்றால் வேறு பண்டம் வேண்டும். அதற்கு நாங்கள் சொல்வது சீனிச்சம்பல் வைத்துச் சுட்ட பணிஸ். டவுன் பேக்கரியில் எல்லாரும் வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். அதை லயத்திலேயே 40 பேருக்குச் செய்யலாம். சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்குள் வேலை முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு எழும்பினால் போதும்.

ஏன் மீன் பணிஸ் வேண்டாம்?

"மீன் பணிஸ்தான் ருசி, அதையே செய்வோமே" என்று கேட்பீர்கள். கடையில் அது காலையில் சுட்டு அன்றைக்கே விற்றுப் போகிறது. நாம் செய்யப்போவது ராத்திரி முழுக்க இருக்க வேண்டிய சாப்பாடு. மீனும் அவித்த கிழங்கும் ஈரமான பண்டங்கள். சமைத்த ஈரப் பண்டத்தைக் குளிர்பெட்டி இல்லாமல் 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. "நுவரெலியாவில் ராத்திரி குளிர்தானே, அதுவே குளிர்பெட்டி மாதிரித்தானே" என்று சிலர் சொல்வதுண்டு. குளிர்பெட்டிக்குள்ளே இருப்பது 5 பாகைக்குக் குறைவான குளிர். அடுப்பு எரிந்த காம்பராவில் அந்தக் குளிர் வராது. நமக்குப் போர்வை தேவைப்படுகிற குளிரிலும் கிருமி பெருகும்.

சீனிச்சம்பலின் கதை வேறு. வெங்காயத்தின் தண்ணி முழுக்க வற்றும்வரை எண்ணெயில் வதக்கி, புளியும் சீனியும் உப்பும் சேர்த்து எடுக்கிறோம். ஈரம் குறைந்து, புளிப்பும் இனிப்பும் கூடிய பண்டத்தில் கிருமி சுலபமாகப் பெருகாது. அதனால்தான் அது நாள் கணக்கில் நிற்கிறது. ஒரே ஒரு கட்டாயம் உண்டு: தேங்காய்ப்பூ, தேங்காய்ப்பால், தண்ணி இந்த மூன்றும் அதில் சேரக் கூடாது.

முட்டையும் அப்படித்தான். பாணை முட்டையில் ஊற வைத்து ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் சுடும் பண்டங்கள் உண்டு. குளிர்பெட்டி உள்ள வீட்டுக்கு அது சரி. நமக்கு வேண்டாம். முட்டையைக் காலையில் ஓட்டோடு அவித்து ஆளுக்கு ஒன்று கொடுப்போம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி: சம்பல்

40 பேருக்கு 84 பணிஸ் வரும். ஆளுக்கு 2, மேலே 4. இதற்குப் பெரிய வெங்காயம் 2 கிலோ, தேங்காய் எண்ணெய் ஒரு தேத்தண்ணிக் கோப்பை, இடித்த மாசி 75 கிராம், துண்டு மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி, இரண்டு தேசிக்காய் அளவு பழப்புளி, சீனி 4 மேசைக்கரண்டி, உப்பு, கறுவாப்பட்டை ஒரு துண்டு, கராம்பு 4, ஏலக்காய் 4, கறிவேப்பிலை, ரம்பை.

வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக வெட்டுங்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் 2 கிலோ வெட்டுவது ஒரு வேலையே இல்லை, கண் எரிச்சலையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். எண்ணெய் சூடானதும் வாசனைச் சாமான்களைப் போட்டு, வெங்காயத்தைக் கொட்டிச் சிறு நெருப்பில் வதக்குங்கள். பெரிய நெருப்பு வைத்தால் வெளியே கருகி உள்ளே தண்ணி நிற்கும். அந்தத் தண்ணிதான் பிறகு பணிசைக் கெடுக்கும். வெங்காயம் வாடியதும் மிளகாய்த்தூள், மாசி, உப்பு. புளியை மிகக் குறைந்த வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து ஊற்றுங்கள். கடைசியில் சீனி. எல்லாம் சேர்ந்து ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். சம்பல் சிவந்து சுருண்டு, எண்ணெய் பக்கத்தில் கக்கி நிற்க வேண்டும். கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கினால் சட்டியின் அடியில் எண்ணெய் மட்டும் ஓட வேண்டும், தண்ணி ஓடக் கூடாது. அதுதான் பக்குவம்.

நன்றாக ஆறிய பிறகு கழுவிக் காய்ந்த போத்தலில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும் தண்ணி சம்பலில் விழும். எடுக்கும்போது காய்ந்த கரண்டி மட்டும்.

சனிக்கிழமை காலை: மாவு

இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். பேக்கரிக்காரர் ஈஸ்டைக் கூடப் போட்டு 2 மணித்தியாலத்தில் மாவைப் பொங்க வைக்கிறார். அவருக்கு நேரம் காசு. நமக்கு அப்படி நின்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஆகவே ஈஸ்டை மிகக் குறைத்துப் போட்டு, காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பிசைந்து வைத்துவிட்டுப் போகிறோம். நாம் மலையில் நிற்கும் 10 மணித்தியாலமும் மாவு தன் பாட்டில் வேலை செய்யும். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது பொங்கி நிற்கும். மெதுவாகப் பொங்கிய மாவுக்கு ருசியும் கூட, சுட்ட பணிஸ் மறுநாளும் மெதுவாக இருக்கும்.

ஒரு கிலோ மாவு 14 பேருக்கு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கோதுமை மாவுக்குச் சீனி 80 கிராம், மாஜரின் 60 கிராம், உப்பு தலைதட்டி ஒரு மேசைக்கரண்டி, கொதித்து ஆறிய தண்ணி அரை லீற்றருக்குச் சற்றுக் கூட. 40 பேருக்கு இதே அளவில் 3 பேசினில் தனித்தனியாகப் பிசையுங்கள். 3 கிலோவையும் ஒரே குவியலாகப் பிசைந்தால் கையும் நோகும், பெரிய குவியலின் நடுவில் சூடு தங்கி மாவு புளித்தும் போகும்.

ஈஸ்டின் அளவு உங்கள் தோட்டம் இருக்கும் உயரத்தைப் பொறுத்தது. நுவரெலியா, இராகலை போன்ற குளிர் இடங்களில் ஒரு கிலோ மாவுக்கு முக்கால் தேக்கரண்டி. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் அரைத் தேக்கரண்டி. இரத்தினபுரி, களுத்துறை, காலிப் பக்கத் தோட்டங்களில் ஒரு சிட்டிகை போதும். அங்கே பச்சைத் தண்ணிபோல் நன்றாக ஆறிய தண்ணியில் பிசைய வேண்டும். மேலே உள்ளவர்கள் விரல் பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணியில் பிசையலாம். கொதிக்கும் தண்ணி ஈஸ்டைக் கொன்றுவிடும். நாங்கள் சொல்வது மணல்மணலாக இருக்கும் உலர்ந்த ஈஸ்ட். நம்முடைய மலை ஈரத்தில் உடைத்த பக்கெட் சீக்கிரம் செத்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சிட்டிகையை இளஞ்சூட்டுச் சீனித்தண்ணியில் போட்டு 10 நிமிஷம் பாருங்கள். நுரைத்தால் உயிர் இருக்கிறது.

எல்லாவற்றையும் முதல் ராத்திரியே அளந்து வைத்துவிட்டால் காலையில் பிசைவது கால் மணி வேலை. 5 நிமிஷம் அழுத்திப் பிசையுங்கள், 10 நிமிஷம் மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளின் தலையைச் சீவுங்கள், திரும்ப வந்து 2 நிமிஷம் பிசையுங்கள். அவ்வளவு போதும், மிச்சத்தை நேரம் பார்த்துக்கொள்ளும். ரொட்டி மாவைவிடச் சற்று இளக்கமாக, கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்கட்டும். மூன்று பேசின் என்பதால் மூன்று வீட்டுக்கு ஒவ்வொன்று. மாவு பிசைய நல்ல பலம் வேண்டும். வீட்டில் ஆம்பிளைக் கை இரண்டு சும்மா இருக்கிறதே, அதையும் கூப்பிடுங்கள்.

பேசினைப் பெரிய தட்டால் மூடி, எலியும் பூனையும் எட்டாத இடத்தில் வையுங்கள். மாவு இரண்டு மடங்காகும், அதற்கு இடம் விட வேண்டும்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை

கொழுந்து எடுக்கிற விரலில் வெடிப்பும் கீறலும் இல்லாதவர் யார்? சாதாரண வெடிப்பு என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணி சுற்றிக்கொள்ளலாம். சீழ் பிடித்த புண் என்றால் அந்தக் கை அன்றைக்குச் சாப்பாட்டில் படக் கூடாது. அந்தச் சீழில் உள்ள கிருமி சாப்பாட்டில் பெருகும்போது ஒரு நஞ்சை விடுகிறது. திரும்பச் சூடாக்கினால் கிருமி சாகும், ஆனால் அந்த நஞ்சு அப்படியே இருக்கும். கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் சாப்பிட்ட சில மணித்தியாலத்தில் கூட்டமாக வாந்தி எடுப்பதற்கு இது ஒரு காரணம். "நல்லா கொதிக்க வச்சுத்தானே குடுத்தோம்" என்று பிறகு சொல்லிப் பயனில்லை. புண் உள்ளவர் விறகு பார்க்கட்டும். வயிற்றோட்டம் உள்ளவரும் அப்படித்தான். மருந்து அடிக்கிற வேலைக்கும் உரம் போடுகிற வேலைக்கும் போய் வந்தவர்கள் குளித்து உடுப்பு மாற்றிய பிறகே கிட்ட வர வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம்: உருட்டுதல்

மாவில் ஒரு விரலை அழுத்திப் பாருங்கள். குழி மெதுவாக நிறைந்தால் சரியான பதம். பொங்கவே இல்லை என்றால் அடுப்படிப் பக்கம் ஒரு மணித்தியாலம் வையுங்கள். பொங்கி அமிழ்ந்து புளித்த வாசம் வந்தாலும் கொட்டிவிட வேண்டாம். இது கெட்டுப்போன மணமில்லை, ஈஸ்டின் மணம். காற்றை அமர்த்திவிட்டு உருட்டுங்கள், அடுத்த பொங்கலுக்குக் குறைந்த நேரம் கொடுங்கள்.

ஒரு கோழி முட்டை அளவு உருண்டை எடுத்தால் கிட்டத்தட்ட 60 கிராம். ஒரு பேசினில் 28 உருண்டை வரும். உள்ளங்கையில் தட்டி, நடுவில் ஒரு தேக்கரண்டி சம்பலைக் குவித்து வைத்து, ஓரங்களைக் கூட்டிக் கிள்ளி மூடுங்கள். ஓரத்தில் எண்ணெய் பட்டால் மாவு ஒட்டாது. சுடும்போது வாய் திறந்து சம்பல் கருகும். ஆகவே சம்பலைக் கரண்டியால் வையுங்கள், எண்ணெய் கக்கியிருந்தால் போத்தலின் ஓரத்தில் வடித்துவிட்டு எடுங்கள். கிள்ளிய பக்கம் கீழே இருக்கும்படி மாஜரின் பூசிய தட்டத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். சுத்தமான துணியால் மூடி ஒன்றரை மணித்தியாலம். குளிர் இடமென்றால் 2 மணித்தியாலம்.

போறணை எங்கே?

பாண், போறணை என்ற இரண்டு சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. அவர்கள் 1505 இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களும் போய், பிறகு வந்த ஒல்லாந்தரும் இங்கிலீஷ்காரரும் போய், போறணை மட்டும் டவுனில் நிற்கிறது. லயத்துக்கு வரவில்லை.

ஆகவே முதல் வழி டவுன் பேக்கரிதான். விறகில் எரியும் செங்கல் போறணை பாண் சுட்டு எடுத்த பிறகும் வெகு நேரம் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டில் 84 பணிசை நாலைந்து தட்டத்தில் ஒரே தடவையில் சுட்டு எடுக்கலாம், 15 நிமிஷம்தான். பேக்கரிக்காரரிடம் 2 நாள் முந்தியே பேசி, அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டு, ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். உருட்டிய தட்டங்களைத் துணி மூடி த்ரீ வீலரில் கொண்டுபோனால் போகிற வழியிலேயே பொங்கிவிடும்.

டவுன் தூரம் என்றால் சட்டிப் போறணை. கனமான இரும்புத் தாச்சி அல்லது அடி கனத்த பெரிய இரும்புச் சட்டி வேண்டும். மெல்லிய அலுமினியப் பானையை உள்ளே தண்ணி இல்லாமல் நெருப்பில் வைத்தால் அது வளைந்து போகும். சட்டியின் அடியில் கழுவிக் காயவைத்த ஆற்று மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் மூன்று சின்னக் கல். அதன்மேல் தட்டம் உட்காரும். மூடிக்கு ரொட்டிக் கல்லே போதும். அந்தக் கல்லின் மேல் தணலை அள்ளிப் போடுகிறோம்.

கீழே நெருப்பு, மேலே நெருப்பு என்றால் எவ்வளவு எங்கே? மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு. இதைப் பலர் மாற்றிச் செய்து அடி கருகி மேல் வெளுத்த பணிசை எடுப்பார்கள். கீழே சுவாலை கூடாது, தணல் மட்டும். கவ்வாத்து மலையில் எடுத்து நன்றாகக் காய்ந்த தேயிலை விறகு நல்ல தணல் தரும். சிரட்டைத் தணல் இன்னும் நல்லது. 15 நிமிஷம் வெறும் சட்டியைச் சூடாக்கி, ஒரு சிட்டிகை மாவை உள்ளே தட்டத்தில் போட்டுப் பாருங்கள். உடனே கறுத்தால் சூடு கூட; தணலைக் கொஞ்சம் தள்ளுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் பொன்னிறமாக மாறினால் அது பதம். பணிசின் மேல் சீனித்தண்ணியைத் தடவி வைத்து மூடுங்கள். 15 நிமிஷம் வரை மூடியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும் சரி. 20 நிமிஷம் அளவில் சிவந்திருக்கும். ஒன்றைத் திருப்பி அடியில் விரலால் தட்டினால் வெறும் டப்பாவைத் தட்டியது போலச் சத்தம் வர வேண்டும்.

ஒரு சட்டியில் 10 அல்லது 12 பணிஸ் பிடிக்கும். 84 பணிசுக்கு 7, 8 தடவை. 2 சட்டி வைத்தால் ஒன்றரை மணித்தியாலம், 3 சட்டி என்றால் ஒரு மணித்தியாலம். 7 மணிக்குத் தொடங்கினால் 9 மணிக்குள் முடியும். கடைசித் தடவைக்கான உருண்டைகள் அதிகம் பொங்கிவிடாமல் இருக்க, மூன்றாவது பேசினைக் கொஞ்சம் தாமதித்து உருட்டுங்கள்.

இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில. மருந்துத் தகரம், மருந்து டிரம் எதையும் வெட்டிப் போறணை செய்யக் கூடாது. எத்தனை தடவை கழுவினாலும், எரித்தாலும், அது சாப்பாட்டுக்கு ஆகாது. கூரைத் தகரத்தை மூடியாகப் போடுவதும் வேண்டாம். அதில் பூசிய நாகம் கடும் சூட்டில் புகையாகும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. சட்டியை காம்பராவுக்குள்ளோ இஸ்தோப்பிலோ வைக்காமல் லயத்திலிருந்து தள்ளி வெட்டவெளியில் வையுங்கள். ஒரே கூரையின் கீழே வரிசையாகக் குடியிருக்கிறோம். ஒரு காம்பராவில் பிடித்த தீ பக்கத்துக் காம்பராவைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணி நிற்கட்டும். முடிந்ததும் தணலைத் தண்ணி ஊற்றி அணையுங்கள். சாம்பலுக்குள் ராத்திரி முழுக்கத் தணல் உயிரோடு கிடக்கும். நெருப்புக்கு ஆண்களில் இரண்டு பேர் பொறுப்பாக இருப்பது நல்லது. காலையில் சாப்பிடப் போகிறவர்கள்தானே, ராத்திரி தணல் அள்ளட்டும்.

ஆற வைத்தல்

சுட்ட பணிசைக் கழுவிக் காய்ந்த சுளகில் பரப்பி ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து நனைந்து, காலையில் தோல் பிசுபிசுக்கும், பூசணமும் சீக்கிரம் பிடிக்கும். ஆறியதும் வெளுத்த துணியில் சுற்றி மூடியுள்ள பெரிய டின்னில் போடுங்கள். கொழுந்துக் கூடை, கொழுந்துச் சாக்கு இதற்கு ஆகாது. அடுத்த நாள் பின்னேரத்துக்குள் எல்லாம் சாப்பிட்டு முடிந்துவிட வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கு என்றால் சம்பலில் மாசியை விட்டுவிட்டு, முட்டைக்குப் பதிலாக ராத்திரி ஊறப்போட்ட கௌப்பியைக் காலையில் அவித்துக் கொடுக்கலாம். மரண வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அயல் வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்க இது கைகொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை

6 மணிக்கு இரண்டு பானையில் 40 முட்டையை வைத்து, தண்ணி கொதித்த பிறகு 12 நிமிஷம் விடுங்கள். பணிஸ் ஆறியே சாப்பிடலாம். சூடு வேண்டுமென்றால் ரொட்டிக் கல்லில் போட்டு மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து 2 நிமிஷம்.

முட்டையை விட்டுவிட வேண்டாம். பணிஸ் வயிற்றை நிரப்பும், மண் வெட்டப் பலம் தரும். தசைக்கும் இரத்தத்துக்கும் முட்டையோ கௌப்பியோ கடலையோ வேண்டும். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது. சாயத்தில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. இரத்தம் குறைந்த பெண்களும், பிள்ளைத்தாச்சிப் பெண்களும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நாமே பறித்த தேயிலையைக் குறை சொல்கிறோமே என்று நினைக்காதீர்கள், நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம். 8 மணிக்கு ஒரு தடவை வேலையை நிறுத்தி எல்லாரும் சேர்ந்து குடிக்கலாம். கொய்யாவோ பப்பாசியோ கிடைத்தால் பணிசோடு ஒரு துண்டு கொடுங்கள், அது இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும்.

பங்கு போடும்போது 40 பங்கையும் முதலிலேயே எண்ணி வையுங்கள். அந்த 40 இல் அடுப்படியில் நின்ற பெண்களும் சேர்த்தி. அவர்களும் 7 மணிக்கு மற்றவர்களோடு உட்கார்ந்து ஆளுக்கு 2 பணிஸ், ஒரு முட்டை என்று எடுக்க வேண்டும். "நீங்க சாப்பிடுங்க, நாங்க அப்புறம் பாத்துக்கிறோம்" என்று அக்காமார் சொல்வார்கள். கேட்காதீர்கள். முதல் நாளே சுட்டு வைக்கச் சொன்னதே இதற்காகத்தான்.

மேலதிகமாக வரும் 4 பணிசை வேலைக்கு வர முடியாத வயதானவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். செலவும் கணக்கும் வைக்கிற கொப்பியில், எத்தனை கிலோ மாவு, எவ்வளவு ஈஸ்ட், அன்றைக்கு வெயிலா மழையா, மாவு எத்தனை மணிக்குப் பொங்கியது என்று நாலு வரி எழுதி வையுங்கள். 2022 இல் மாவு விலை ஏறிய ஏற்றத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு கிலோ மாவும் வீணாகாமல் இருக்க அந்த நாலு வரி உதவும். முதலில் ஒரு கிலோ மாவில் 14 பேருக்குச் செய்து பாருங்கள். கை பழகியதும் 3 பேசினுக்குப் போகலாம்.